அரை வரி முன்னால்

“கதவைச் சாத்துகிறேன் மகளே, உள்ளே குளிர் வருகிறது” என்று ஷாயா கிசுகிசுத்தார். ஒரு மூச்சு கழித்து, அவர் தலைக்கு மேலே, மேடையில், மதாம் லிபோவ்ஸ்கா அதையே கேலரியின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். குளிராவது மண்ணாவது. கூண்டுக்குள் வெந்துகொண்டிருந்தது. மேடையின் முன்விளிம்பில், விளக்கு வரிசைக்கு நடுவே, கோழிக்கூட்டைவிடக் கொஞ்சம் பெரிய தகர மூடி. மூடிக்குக் கீழே ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் இடுப்பு கெட்டுப்போன ஷாயா. நடிகர்களுக்கு அவர் மூக்குவரை தெரிவார். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்குத் தெரியவே மாட்டார். நியூயார்க்குக்கு வந்து இரண்டாம் அவென்யூவில் கால் வைத்த நாளிலிருந்து இதுதான் பிழைப்பு, வசனம் எடுத்துக் கொடுக்கிற பிழைப்பு. வாரத்துக்கு ஒரு புது நாடகம் கேட்கிற, யிட்டிஷ் பேசுகிற யூத ஜனங்களுக்கு முன்னால் எந்த நடிகருக்கும் வசனம் பாடமாகாது, ஆக வேண்டும் என்று யாரும் மெனக்கெடுவதும் இல்லை. ஷாயா அரை வரி முன்னால் போவார், மேடை அரை வரி பின்னால் வரும், அவ்வளவுதான். அதிலும் மதாம் இருக்கிறாளே, அவளுக்கு அர்த்தம் என்கிற தொந்தரவே கிடையாது. காதில் விழுவது வாயில் வரும், நடுவில் எங்கேயும் நிற்காது. அவள் மட்டும் என்றில்லை. ஒரு தடவை கூண்டுக்குள் எலி வந்து காலில் ஏற, “சீ, போ சனியனே” என்று ஷாயா பல்லைக் கடித்துச் சொன்னதை, மேடையில் பெரிய ரபியாக, யூத குருவாக நின்றிருந்த நடிகர், மணமக்கள் தலையில் கை வைத்து, குரல் தழுதழுக்க ஆசீர்வாதமாகச் சொல்லிவிட்டார். ஜனம் ஆமென் என்றது. அதை நினைத்து அவர் மனைவி ஃப்ரூமா இன்றைக்கும் சிரிப்பாள். சிரித்தால் இப்போதெல்லாம் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. “சிரிக்க வைக்காத ஷாயா, கல்லு குத்துது” என்கிறாள். கல்லு. அந்தச் சொல் வந்து நிற்காமல் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை. “அம்மா, தபால்காரன் வந்தானா?” இது ரெய்சலுக்கு, அதாவது மதாமின் மகளாக நடிக்கிற பெண்ணுக்கு. “இல்லை மகளே, பனியில் பாதை மூடிக் கிடக்கிறது.” இது மதாமுக்கு. பனியே இல்லை. ரெய்சலின் காதலன் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான், அம்மாக்காரிக்குத் தெரியும், காய்ச்சலில் கிடக்கிற மகளுக்குச் சொல்லாமல் இழுத்தடிக்கிறாள். இன்னும் எட்டுப் பத்துப் பக்கம் இழுப்பாள். எழுதினவனுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி போலிருக்கிறது.

ஃப்ரூமா மேலேதான் இருக்கிறாள். கேலரியில் இடது ஓரம், தூணை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு அவளுக்கென்று விடுகிற ஓசி இடம். இன்றைக்கு வராதே, வீட்டில் படு என்று சொல்லிப் பார்த்தார். “நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்கத்தானே போறேன், இன்னிக்கும் எதுக்குப் படுக்கணும்?” என்று சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். காலையிலேயே பீட்ரூட் சூப்பு ஒரு பானை நிறைய வைத்துவிட்டாள், தலையணை உறைகளை மாற்றிவிட்டாள், கீழ்வீட்டுக்காரியிடம் ஜன்னல் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டாள். கேட்கிறவர்களுக்கெல்லாம், “கல்லுதான், எடுத்துப் போட்டா தீர்ந்துது” என்று கடைக்குப் போகிற மாதிரி பதில். சிகாகோவில் இருக்கிற மகள் ஹெனியா வரட்டுமா என்று கேட்டதற்கும் அதே பதில், ஒரு கல்லுக்காக யாராவது ரயிலேறுவார்களா என்று. அவளுக்கு அந்தக் கல்லைக் கொடுத்தது யார்? ஷாயா. ஷாயாவுக்குக் கொடுத்தது டாக்டர். வெள்ளிக்கிழமை, அவளை உள்ளே உடை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தோளில் கை போட்டு வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சின்ன வயசு. மீசைகூடச் சரியாக வளரவில்லை. “உள்ள ஏதோ வளர்ந்திருக்கு, பெரிசாவே. திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும். திறந்துட்டு, ஒண்ணும் பண்ண முடியாம மூடும்படியும் ஆகலாம். வீட்டம்மாகிட்ட பித்தப்பையில கல்லுன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றது. தெம்பா வருவாங்க.” ஷாயா தலையை ஆட்டினார். உள்ளே போனார். “கல்லாம்” என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வேறொருத்தர் அவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தார், அவரும் மதாம் மாதிரி அர்த்தம் பார்க்காமல் ஒப்பித்துவிட்டார். ஃப்ரூமா முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் பாவம். அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். “ஜன்னலைத் திற அம்மா, அவன் காலடிச் சத்தம் கேட்கிறது.” “அது காற்று, என் கண்ணே, வெறும் காற்று.” நல்ல அம்மா. காற்றாம்.

மறைக்காமல் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், அதுதான் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. ஃப்ரூமாவின் அக்கா லேயாவுக்கு இதே நோய். வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள், வீடே சேர்ந்து, காதும் காதும் வைத்த மாதிரி. லேயா வசந்தம் வந்தால் சரியாகிவிடும் என்று புதுத் தொப்பிக்குத் துணி எடுத்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். புதைத்துவிட்டு வந்த அன்று ஃப்ரூமா அடுப்படியில் நின்று அழாமல் பேசினாள். “மகன்கிட்ட பேச்சுவார்த்தை இல்லாமயே போயிட்டா. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டு அனுப்பியிருப்பா. நாம எல்லாருமாச் சேர்ந்து அவ வாயைக் கட்டிட்டோம். எனக்கு இப்படிப் பண்ணாத ஷாயா. எதுவானாலும் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடு.” சரி என்றார். சரி சொல்வதற்கென்ன, அப்போது அவள் உடம்பு இரும்பு. இன்று காலை டீ குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஃப்ரூமா, மனதைத் திடப்படுத்திக்கொள். ஐயோ, அது கப்பல் கவிழ்ந்த செய்தியோடு வருகிற ரபியின் வசனம், பின்னால் ஒரு வயலின். உன்னிடம் ஓர் உண்மையை மறைத்துவிட்டேன். இது இரண்டு பெண்டாட்டிக்காரன் மண்டியிட்டுச் சொல்வது. ஆண்டவன் நம்மைச் சோதிக்கிறான். இதற்குப் பெரிய டமாரம், அப்புறம் தீ. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் யாரோ ஒருத்தர் மேடையில் அழுது, கைதட்டல் வாங்கி, துவைத்துக் காயப்போட்டது. ஒவ்வொன்றையும் அவள் கேலரியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், வீட்டுக்கு நடந்துவரும்போது இவன் இழுத்தான், அவள் முழுங்கினாள் என்று மார்க்குப் போட்டிருக்கிறாள். எதைச் சொன்னாலும், இது எந்த நாடகம் என்று கேட்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு டீயில் இன்னொரு கரண்டி ஜாம் போட்டார். இந்த ஊரில் யார்தான் சொந்தமாகப் பேசுகிறார்கள்? மார்க்கெட்டில் கடைக்காரனோடு சண்டை போடுகிறவள் மதாம் மாதிரியே இடுப்பில் கை வைக்கிறாள். மகனை வேலைக்கு அனுப்புகிறவள் கடைசி அங்கம் மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாவு வீட்டில்கூட ஒருத்தி சரிந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சரிகிறாள். பணக்காரப் பேட்டையான அப்டவுனிலிருந்து ஆங்கில நாடகக்காரர்கள் வந்து ஒதுக்குப்புறமான பாக்ஸ் இருக்கைகளில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த சீசனில் அவர்களுடைய பிராட்வே மேடையிலும் ஒரு தாய் இதே மாதிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சரிகிறாளாம். அழக் கற்றுக்கொடுத்தாயிற்று எல்லாருக்கும். ஷாயாவுக்குத்தான் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

“இருமலுக்குத் தேன் தரட்டுமா?” “வேண்டாம் அம்மா.” பக்கம் புரண்டது. தொண்டை வறண்டு கிடந்தது. கிசுகிசுத்துக் கிசுகிசுத்து முழுக் குரல் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. இருந்ததா? யிட்டிஷ் நாடகத்தை ஆரம்பித்து வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ருமேனியாவில் ஒரு ஒயின் தோட்டத்தில், குடிக்க வந்தவர்களுக்குப் பாடிப் பிழைத்த பாட்டுக்காரர்களை ஒருத்தர் மேடையேற்றித்தான் இதெல்லாம் ஆரம்பமாம். கதையைச் சொல்லிவிட்டால் போதும், வசனம் அவரவர் வாய்க்கு வந்தபடி. கொடுத்து வைத்தவர்கள். அப்புறம் ரஷ்யாவில் ஜார் குறுக்கே வந்தார், யிட்டிஷில் நாடகம் கூடாது என்றார். ஜெர்மன் என்றால் பரவாயில்லையாம். வாலிப ஷாயா ஊர் ஊராகப் போன குழு, நோட்டீஸில் ஜெர்மன் நாடகம் என்று போட்டுக்கொண்டு, போலீஸ்காரர் முன்வரிசையில் இருக்கும்வரை வாயைக் கோணிக்கொண்டு ஒரு மாதிரி ஜெர்மன் பேசும். அவர் புகைபிடிக்க வெளியே போனால் உடனே வீட்டுப் பேச்சு. அந்தக் காலத்துக் கூண்டின் மூடியில் ஓர் ஆணி ஓட்டை. ஷாயா அதன் வழியாக அந்தப் போலீஸ் தொப்பி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வரியை மாற்றிக் கொடுப்பார். கண் ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம், மனசு இன்னொரு பக்கம். அந்தப் பழக்கம்தான் இன்று வரை சோறு போடுகிறது, நாக்கு பாட்டுக்கு ஓடும், மனசு பாட்டுக்கு எங்கேயாவது சுற்றிவிட்டு வரும். அப்போதுதான் ஃப்ரூமா, குழுவின் கிழிந்த அங்கிகளைத் தைக்க வந்தவள், ஒரு நாள் கூண்டுக்குள் தலையை விட்டு, “நீ ஜெர்மன் பேசும்போது பல்வலிக்காரன் மாதிரி இருக்க” என்றாள். கல்யாணத்துக்குக் கேட்டதும் அவள்தான். அவருக்கு அதற்கும் வாக்கியம் கிடைத்திருக்கவில்லை.

மேலே யாரோ ஆரஞ்சு உரிக்கிற வாசனை கூண்டு வரை வந்தது. இன்றைய ஆட்டத்தை, ஒரே ஊரிலிருந்து வந்தவர்களின் சங்கம் ஒன்று மொத்தமாக வாங்கியிருக்கிறது, தங்கள் ஆட்களைப் புதைக்க நிலம் வாங்குவதற்கு நிதியாம். திரை ஏறுவதற்கு முன்னால் சங்கத் தலைவர் மேடைக்கு வந்து, கடல் தாண்டி வந்தவர்கள் கடைசியிலாவது பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டாமா என்று கேட்டார், ஜனம் கைதட்டியது. பக்கத்தில் பக்கத்தில். ஷாயா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நாளைக்கு இந்நேரம் திறந்திருப்பார்கள். திறந்துவிட்டு மூடியும் இருப்பார்கள். அவள் கண் விழிப்பாள், கல்லைக் காட்டு என்பாள், அவள் குணம் அப்படி, கையில் வாங்கிப் பார்க்காமல் விடமாட்டாள். ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதா? கொடுத்தாலும் கொடுப்பேன், வெட்கங்கெட்டவன். கண் விழிக்கவில்லை என்றால்? ஹெனியா வந்து நின்று, தெரிஞ்சே சொல்லலையாப்பா என்று கேட்டால்? “உன் கண் ஏன் கலங்கியிருக்கிறது அம்மா?” “விளக்குப் புகை, மகளே.” இவளும் ஒரு பொய்க்காரி. இரண்டு பேரும் சேர்ந்து மேலேயும் கீழேயும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அலுப்பாக இருந்தது. பொய் சொல்வது இவ்வளவு வேலை என்று யாரும் சொல்லவில்லையே. உண்மையைச் சொல்வது ஒரு நிமிஷ வேலை. வயலினும் வேண்டாம், டமாரமும் வேண்டாம், மனதைத் திடப்படுத்தவும் வேண்டாம். அடுப்படியில் உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி சொன்னால் என்ன. அது கல்லு இல்ல, ஃப்ரூமா. ஆமாம், இப்படித்தான். உங்கிட்ட பொய் சொன்னேன். பயமா இருந்துச்சு, அதான். இவ்வளவுதானே. இது எந்த நாடகத்திலும் இல்லை, யாரும் இதற்குக் கைதட்டல் வாங்கவில்லை, இது நம்முடையது. உடம்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, முனையில் இருக்கிற ரொட்டிக்கடை தாண்டினதும் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்தபோது, தலைக்கு மேலே மதாம் லிபோவ்ஸ்கா ரெய்சலின் கையைப் பிடித்துக்கொண்டு, “அது கல்லு இல்ல, ஃப்ரூமா” என்றாள்.

என்ன சொல்கிறாள் இவள் என்றுதான் முதலில் நினைத்தார். “உங்கிட்ட பொய் சொன்னேன்” என்றாள் மதாம். ஷாயாவுக்குத் தன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. கையால் வாயைப் பொத்தினார். பொத்தி என்ன செய்ய, அரை வரி முன்னால் போனது போனதுதான். “பயமா இருந்துச்சு, அதான்” என்று மதாம் முடித்தாள். இத்தனை நேரம் மகளே கண்ணே என்று மேடைப் பேச்சு பேசிக்கொண்டிருந்த வாயிலிருந்து அடுப்படிப் பேச்சு வந்ததும் ஆரஞ்சு உரிக்கிற சத்தம் நின்றது. இருமல் நின்றது. ரெய்சலாக நடித்த பெண், கெட்டிக்காரி, “என்ன சொல்கிறீர்கள் அம்மா?” என்று சமாளித்துப் பார்த்தாள். மதாம் கூண்டைப் பார்த்தாள். அடுத்த வரி எங்கே? கூண்டில் வரி இல்லை. புத்தகம் மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. வழக்கமாக இப்படி ஆனால் மதாம் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடுவாள். இன்றைக்கு என்னவோ அவளுக்கும் அது வரவில்லை. சொன்ன வார்த்தை எங்கேயோ இடித்திருக்க வேண்டும், அந்தப் பெண்ணின் கையை விடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ ஒரு பொம்பளை விசும்பினாள். அப்புறம் ஒரு ஆம்பளை. அப்புறம் கொட்டகையே அழுதது, வெள்ளம் மாதிரி, நாற்காலியெல்லாம் அழுத மாதிரி. “சொல்லிட்டியே தாயி, நல்லா இருப்ப!” என்று கேலரியிலிருந்து ஒரு குரல் கத்தியது. அது அவள் குரல் இல்லை. ஃப்ரூமாவின் குரல் எங்கே? திரும்பிப் பார்க்க வழியில்லை, முதுகுக்குப் பின்னால் தகரம், தகரத்துக்குப் பின்னால் அழுகிற ஆயிரம் பேர், அதில் ஒருத்திக்கு மட்டும் அது நாடகம் இல்லை. அவளுடைய பேரைச் சொல்லி, அவள் தலையிலேயே விழுகிற மாதிரி, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு என்றவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன ஒரே புருஷன் உலகத்தில் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வெட்கத்தில் காது எரிந்தது. இருட்டில் தடவிப் புத்தகத்தை எடுத்தார், ஏதோ ஒரு பக்கம், ஏதோ ஒரு வரி. “தூங்கு மகளே.” “தூங்கு மகளே” என்றாள் மதாம். நல்லவேளையாகத் திரை இறங்கியது.

மேடைக்கு அடியிலிருந்து ஒரு குட்டைக் கதவு, கதவைத் தாண்டினால் மரப்படிக்கட்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷாயா வெளியே வந்தபோது முதலாளி அங்கே நின்றிருந்தார், மதாமின் புருஷன், கொட்டகைக்குச் சொந்தக்காரர். வேலை போயிற்று என்று ஷாயா நினைத்தார், நினைப்பில் பயம்கூட இல்லை, அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யோவ், யாரு எழுதினது அந்த வரி? நீயா? சங்கத் தலைவர் மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்கார்யா. சாயங்கால ஆட்டத்துக்கும் அது வேணும். கல்லுன்னா என்ன, எனக்குப் புரியல, ஒருத்தருக்கும் புரியல. அதனால என்ன? அப்படியே வெச்சுக்கோ. அந்த ஃப்ரூமாவும் இருக்கட்டும், பேரு நல்லா விழுது.”

“பேரை மட்டும் எடுத்துடுங்க” என்று படிக்கட்டின் மேலிருந்து ஒரு குரல் சொன்னது. “மத்தது இருக்கட்டும்.”

கேலரியிலிருந்து அத்தனை படியும் இறங்கி வந்திருந்தாள். ஒரு கை விலாவில், ஒரு கை கைப்பிடியில், சால்வை ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. முதலாளி அவளைப் பார்த்தார், ஷாயாவைப் பார்த்தார், கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். ஃப்ரூமா மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள், உட்காரும்போது பல்லைக் கடித்தாள். ஷாயா நின்றுகொண்டே இருந்தார். பாவி, சண்டாளா என்று ஏதாவது சொல்லமாட்டாளா, தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாமே என்று இருந்தது.

“அவ இவ்வளவு நல்லா என்னிக்கும் பேசினதில்ல” என்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது. “முதல்ல சிரிப்பு வந்துச்சு. யாரோ என் பேரைச் சொல்றாங்களேன்னு. அப்புறம் புரிஞ்சுது.”

“ஃப்ரூமா, நான் வீட்டுக்குப் போறப்ப...”

“வீட்டுக்குப் போறப்ப வேணாம். இப்ப சொல்லு. டாக்டர் சொன்னது முழுக்க. அவ வாயில இருந்து கேட்டாச்சு, இப்ப உன் வாயில இருந்து.”

வாயைத் திறந்தார். இடைவேளை முடிந்த மணி அடித்தது, பழகின கால் தன்னால் குட்டைக் கதவுப் பக்கம் திரும்பியது. “மணி அடிக்குது” என்றார்.

“அடிக்கட்டும்.”

“நான் இல்லேன்னா அவங்களால ஒரு வார்த்தை...”

“நிக்கட்டும். ஹெனியாவுக்குத் தந்தி கொடுக்கணும்னா இன்னிக்கே கொடுக்கணும். கொடுக்கணுமா வேணாமா? எனக்குத் தெரியணும் ஷாயா. உக்காரு.”

உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேலே திரை சரசரவென்று ஏறுகிற சத்தம் கேட்டது, மதாமின் செருப்பு இரண்டு அடி வைத்து, கூண்டுக்கு நேராக வந்து நின்றது. “கொடுக்கணும்” என்றார் ஷாயா. “வரச் சொல்லணும். உன்னை உடை மாத்தச் சொல்லிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனான்...” மேடையில் ஒரு சத்தமும் இல்லை. ஜனம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது, அப்புறம் ஒருத்தன் காலால் தரையைத் தட்டினான், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் கொட்டகை முழுக்கத் தட்ட ஆரம்பித்தது, படிக்கட்டே அதிர்ந்தது. ஃப்ரூமா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று ஷாயா குரலை உயர்த்தினார்.